இருபத்துமூன்று வாஷர்

குமிழி நடுவில் இல்லை. நஞ்சுண்டன் ரசமட்டத்தைத் தூக்கி, கண்ணாடிக் குழாயைச் சட்டை நுனியால் துடைத்து, தகரத்தின் விளிம்பில் மறுபடியும் வைத்துப் பார்த்தான். துடைத்தால் மாறிவிடுமா என்ன. பச்சைத் திரவத்தில் குமிழி பாறைப் பக்கம் ஒரு கோடு தள்ளி நின்றது. அப்படியென்றால் சரிவுப் பக்கம் இறங்கியிருக்கிறது, பன்னிரண்டே நாளில் மறுபடியும் இறங்கியிருக்கிறது. சாயங்காலம் மணி ஐந்து இருபத்தெட்டு. ஆறு பதினொன்றுக்கு மேலே அது கடக்கும். எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில் போகிற செயற்கைக்கோளை இவன் ஒருநாளும் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது, ஆனாலும் ஒன்றரை வருஷமாகப் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை மாப்பிள்ளை வீட்டாருக்குக் காத்திருப்பதுபோல இந்தத் தகரத்தைக் கழுவித் துடைத்து நிமிர்த்தி வைத்துவிட்டுக் காத்திருக்கிறான். தகரம் இல்லை, அலுமினியம். மூன்று முக்கோணத் தட்டுகளை ஒரு மூலையாகச் சேர்த்து வானத்தைப் பார்க்க வாய் திறந்து வைத்த கூடு. ஊசிப்பாறை எஸ்டேட்டில் எல்லோரும் தகரம் என்றார்கள், இவனுக்கும் அது தகரமாகிவிட்டது. போன வருஷம் வைகாசியில் ஒரு விடிகாலை எஸ்டேட் பதினோரு விநாடி ஆடியது, உயிர்ச்சேதம் இல்லை, ஆலையின் புகைபோக்கி விரிசல் விட்டது, தொழிலாளர்களின் மூன்றாம் நம்பர் லைன் வீடுகளில் சுவர் கீறிக்கொண்டது. சென்னையிலிருந்து டாக்டர் சௌந்தரவல்லி மேடம் வந்து மடிக்கணினியில் படம் காட்டினார். மலை முழுக்க வானவில் நிறத்தில் வளையம் வளையமாக அத்தனை அழகாக இருந்தது. பூகம்பத்துக்கு முன்னால் ரேடார் எடுத்ததையும் பின்னால் எடுத்ததையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் கழித்தால் இந்த வளையங்கள் வரும், ஒரு வளையத்துக்கு ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் நிலம் அசைந்திருக்கிறது என்று அர்த்தம். தேயிலை இருக்கிற இடத்தில் மட்டும் வளையம் இல்லை, பொரியைக் கொட்டின மாதிரி புள்ளி புள்ளியாகக் கிடந்தது. இலை ஆடும், கவாத்து வெட்டுவார்கள், துளிர்க்கும், இரண்டு தடவை ஒரே மாதிரி இருக்காது, அதனால் ரேடாருக்கு அங்கே கண் தெரியாது என்றார் மேடம். அதற்காகத்தான் லைன் வீடுகளுக்கு மேலே, சரிவின் தோளில், சிமெண்டு மேடை கட்டி இந்தத் தகரம். மலை இன்னும் நழுவுகிறதா, நின்றுவிட்டதா? பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருந்த பதினாறு குடும்பங்களை வீட்டுக்கு அனுப்பலாமா, கூடாதா? இந்தக் கேள்விக்கு இந்த மலையில் இருந்தது ஒரே சாட்சி, அந்தச் சாட்சிக்குக் காவலாளி நஞ்சுண்டன்.

பாக்கெட்டில் இருபத்துநான்காவது வாஷர் தொடையில் உறுத்தியது. இறங்கினால் வாஷர், அது இவனுடைய சொந்த யோசனை. மேடையிலிருந்து மூன்று போல்ட்டுகள் எழும்பி நிற்கும், தகரத்தின் மூன்று கால்களும் அவற்றில் உட்காரும், மேலே நட்டு. மேடம் கொடுத்த காகிதத்தில் ஒரே வரிதான் இருந்தது, ஒவ்வொரு பாஸுக்கும் முன்னால் குமிழி நடுவில் இருக்கவேண்டும் என்று. செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடப்பதை அவர்கள் பாஸ் என்பார்கள். சொன்னதைச் செய்துவிட்டுப் போயிருந்தால் போதும், ஆனால் இவன் கொத்தனார் மகன் ஆயிற்றே, குமிழி மட்டும் சரியாக இருந்து உயரம் தப்பாக இருந்தால் அது என்ன வேலை. பின்னால் இருக்கிற பெரிய பாறையில் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தான். தண்ணீர் நிரப்பிய ட்யூபின் ஒரு முனையைக் கோட்டில் பிடித்து, மறுமுனையைத் தகரத்தின் உதட்டில் பிடித்தால் உயரம் தெரிந்துவிடும், வீடு கட்டுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முதல் மாதமே இரண்டு மில்லிமீட்டர் குறைந்தது. கான்ட்ராக்டர் சிமெண்டைத் தின்றுவிட்டான், மேடை அமுங்குகிறது, திருட்டுப்பயல் என்று வாய்விட்டுத் திட்டிவிட்டு, நட்டைக் கழற்றி, காலுக்கு அடியில் இரண்டு மில்லிமீட்டர் வாஷரைச் செருகி, குமிழியும் சரி, கோடும் சரி என்று ஆன பிறகுதான் டீ குடித்தான். திருட்டுப்பயல் என்று ஊரைத் திட்டினவன் அன்றைக்கு என்ன செய்தான்? மலை இறங்கியது, இவன் தூக்கி வைத்தான். அடுத்த மாதம் இறங்கியது, தூக்கி வைத்தான். பதினான்கு மாதம், முன்காலில் இருபது வாஷர், பின்கால்களில் கொஞ்சம் குறைவு. கோணல் கண்டால் இவனுக்குச் சோறு இறங்காது. பெண் பார்க்கப் போன வீட்டிலேயே சுவரில் சாய்ந்திருந்த முருகன் படத்தை எழுந்துபோய் நிமிர்த்தினவன், அதைச் சொல்லிச் சொல்லியே சுலோச்சனா இருபது வருஷமாகச் சிரிக்கிறாள், “எழவு வீட்டுக்குப் போனாலும் போட்டோவ நிமுத்தீட்டுத்தான் மாலை போடுவீங்க நீங்க” என்பாள். மேடம் ஃபோனில் சொன்னார், “உங்க பாயிண்ட் கல்லு மாதிரி நிக்குது நஞ்சுண்டன், ஒரு மில்லிமீட்டர் கூட அசையலை, இவ்வளவு சுத்தமான டேட்டா நான் பார்த்ததில்லை.” அதை வைத்துத்தான் பதினாறு குடும்பத்தையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு ராத்திரி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கொண்டைஊசி வளைவுகளில் இறங்கியபோது உலகத்திலேயே உபயோகமான ஆள் தான்தான் என்று தோன்றியது. வெட்கங்கெட்ட சந்தோஷம். ஆனால் அன்றைக்கு அது நிஜமான சந்தோஷம்தான், அரைக் கிலோ ஜிலேபி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

மணி ஐந்து முப்பத்தாறு. ஸ்பேனர் ஈரமாக இருந்தது. பனி கீழேயிருந்து ஏறி வருகிறது, முதலில் ஐந்தாம் நம்பர் லைனின் ஓடுகளை மூடும், பிறகு பள்ளிக்கூடத்து மணியை, பிறகு மூன்றாம் நம்பர் லைனை. மூன்றாம் நம்பர் லைன் எங்கே இருக்கிறது மூடுவதற்கு. கண் பழக்கதோஷத்தில் அங்கே போகிறது, போய்ச் செம்மண்ணில் முட்டிக்கொண்டு திரும்புகிறது. இங்கிருந்து பார்த்தால் முதல் வீட்டு வாசல் தெரியும், வாசலில் பேச்சியம்மா நிற்பாள், இவன் தலை தெரிந்ததும், “தகரத்துக்காரரு வந்தாச்சு, இன்னிக்கு வானத்துல வண்டி வருது” என்று லைன் முழுக்கக் கேட்கச் சொல்வாள். ஏலக்காய் போடாத டீ, சீனி தூக்கல், பித்தளை லோட்டாவில். வேண்டாம் வேண்டாம், வேறு எதையாவது நினை. சுலோச்சனா பிரஷர் மாத்திரை வாங்கிவரச் சொன்னாள், மகள் ஹாஸ்டலிலிருந்து தீபாவளிக்கு வருகிறாள், ரயில் ஆறு நாற்பதுக்கா ஏழு நாற்பதுக்கா. ஏழு நாற்பது. கதவு. எங்கே சுற்றினாலும் கடைசியில் கதவில் வந்து நிற்கிறது. பங்குனியில் ஒருநாள் பேச்சியம்மா லோட்டாவைக் கையில் கொடுத்துவிட்டு நகராமல் நின்றாள். “சார், கதவு சாத்த மாட்டேங்குது சார். நல்லா இருந்த கதவு. ஒரு மாசமா அடியில ஒரசுது. நெலை கோணிக்கிட்ட மாதிரி இருக்கு. தரையிலயும் மயிரிழை கணக்கா ஒரு கோடு ஓடுது. நீங்க வந்து பாருங்களேன்.” போய்ப் பார்த்தான். பார்த்ததும் தெரிந்தது, நிலை கோணல், கீழ்மூலை சரிவுப் பக்கம் ஒரு நூல் இறங்கியிருக்கிறது. கொத்தனார் மகனுக்கு அது தெரியாமல் போகுமா. தெரிந்தது, தெரிந்தும் சொன்னான், “ஏனுங்க பேச்சிக்கா, மேல நிக்கிற என்ற தகரம் ஒரு மயிரிழை அசையலீங்க. ரேடாரே சொல்லுது. தகரம் அசையாம வீடு எப்படீங்க அசையும்? மரம் ஊறியிருக்குமுங்க.” அவள் நம்பினாள். ஏன் நம்பமாட்டாள், சென்னையிலிருந்து மேடம் வருகிற, வானத்திலிருந்து வண்டி வருகிற தகரத்தின் ஆள் சொல்கிறான். அதோடு விட்டானா? இவனால்தான் கோணலைப் பார்த்துக்கொண்டு சும்மா போகமுடியாதே. அடுத்த தடவை மறக்காமல் பையில் இழைப்புளியைப் போட்டுக்கொண்டு வந்தான். கதவைக் கழற்றி, வாசலில் சாய்த்து, அடிப்பக்கம் இழைத்தான், சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது. மாட்டிச் சாத்திப் பார்த்தால் கதவு வெண்ணெய் மாதிரி போனது. பேச்சியம்மா நாலு தடவை திறந்து திறந்து சாத்திப் பார்த்துவிட்டு, “புள்ளைக்குக் கூட இப்படி யாரும் ஒத்தாசை பண்ண மாட்டாங்க சார்” என்றாள், அன்றைக்கு டீயோடு இரண்டு முறுக்கும் கொடுத்தாள். முறுக்கில் எள் போட்டிருந்தது.

ஆடி எட்டாம் தேதி ராத்திரி ஒன்றரை மணிக்கு மலை வந்தது. மூன்று நாள் விடாத மழை, ஏழு வீடு, பதினோரு பேர். பேச்சியம்மாவின் புருஷன் சுடலைமுத்து அன்றைக்கு ஆலையில் ராத்திரி ஷிப்டு, இலை வாட்டுகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தான், அதனால் தப்பித்தான், தப்பித்தான் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நஞ்சுண்டன் இரண்டாம் நாள் லாரியில் தொற்றிக்கொண்டு வந்தான். பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்குக் கீழே பெஞ்சில் பதினோரு போட்டோ வரிசையாக இருந்தது, ரேஷன் கார்டிலிருந்து பெரிதாக்கினவை, பேச்சியம்மா அதில் யாரையோ அதட்டப் போகிற முகத்தோடு இருந்தாள். படம் லேசாகச் சாய்ந்திருந்தது. கை தானாகப் போய் நிமிர்த்தியது. சுடலைமுத்து பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தான், பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான். பிறகு விசாரணைக் குழு வந்தது. அறுபது வருஷத்தில் பெய்யாத மழை என்று எழுதினார்கள், கருவியில் முன்கூட்டி எந்த அசைவும் பதிவாகவில்லை, ஆகவே யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது என்று எழுதினார்கள். கடைசிப் பக்கத்தில், கருவியைச் சீரிய முறையில் பராமரித்த ஒப்பந்தப் பணியாளர் திரு. நஞ்சுண்டன் அவர்களுக்கு நன்றி. சுலோச்சனா அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து டிவிக்கு மேலே வைத்திருக்கிறாள். தகரத்துக்கு ஏறுகிற ரோடு அடைபட்டு இரண்டரை மாதம் இவன் மேலே வரவில்லை. பன்னிரண்டு நாளைக்கு முன்னால்தான் ரோடு திறந்தது, வந்தான், ரசமட்டத்தை வைத்தான், ட்யூபைப் பிடித்தான், சிவப்புக் கோட்டுக்கும் தகரத்துக்கும் ஆறு மில்லிமீட்டர் வித்தியாசம். மூன்று வாஷர் போடவேண்டும். நட்டைக் கழற்ற ஸ்பேனரை வைத்தபோதுதான் போல்ட்டில் இன்னும் நாலைந்து மரையே மிச்சமிருப்பதைப் பார்த்தான். ஆரம்பத்தில் ஒரு கட்டைவிரல் நீளம் வெளியே நின்ற போல்ட்டு. எங்கே போயிற்று அந்த நீளம் என்று குனிந்தான். வாஷர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, அடியில் இருந்தது துருப்பிடித்து, மேலே போகப் போக வெள்ளையாக, இருபது. அசையாத பாறையில் சிவப்புக் கோடு. கல் மாதிரி நிற்கிற பாயிண்ட். வாஷர்தான் நின்றது. மலை இறங்கினது அத்தனையும் இவன் கையாலேயே அளந்து, கையாலேயே அடுக்கி, கையாலேயே மூடி வைத்திருக்கிறான். செயற்கைக்கோளே வேண்டாம், ரேடார் வேண்டாம், மேடம் வேண்டாம், குனிந்து எண்ணத் தெரிந்த எவனுக்கும் தெரிந்திருக்கும். அங்கேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தான். எடுத்து முடித்து, வாயைத் துடைத்து, அப்புறம் என்ன செய்தான்? அதுதான் பேச்சு. மூன்று வாஷரையும் செருகினான். குமிழி நடுவுக்கு வந்தது. ஆறு பதினொன்றுக்குச் செயற்கைக்கோள் கடந்தது. இரண்டாம் நாள் மேடம் பேசினார், “இடையில கொஞ்சம் இறங்கின மாதிரி காட்டுச்சு, இப்ப பழையபடி வந்துடுச்சு, மழைத் தண்ணி தேங்கியிருக்கும், நீங்க வந்தப்புறம்தான் நிம்மதி.” இவன் கையில்லாத இரண்டரை மாதம் அந்த யந்திரம் உண்மையைப் பார்த்திருக்கிறது. இவன் போய் அதையும் துடைத்துவிட்டான். ஆமாங்க மேடம், தண்ணிதானுங்க என்றான். பயம், வேறொன்றுமில்லை. வேலை போகும், போலீஸ் வரும், மகளுக்கு வரன் பார்க்கிற வீட்டில் என்ன சொல்வார்கள் என்கிற பயம்.

ஐந்து நாற்பத்தொன்பது. அந்த ஒரு ஆமாங்க மேடத்துக்கு விலை நாளைக் காலையில் தெரியும். ஐந்தாம் நம்பர் லைன், இருபத்திரண்டு குடும்பம், ஆடியிலிருந்து வகுப்பறைகளில் படுத்துக் கிடக்கிறார்கள். தலைமையாசிரியர் வகுப்பறை வேண்டும் என்கிறார், எஸ்டேட்டுக்கு ஆள் வேண்டும், தீபாவளிக்குச் சொந்த வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கவேண்டும் என்று அவர்களுக்கும் ஆசை. மேல்சரிவில் அசைவில்லை என்று மேடத்தின் அலுவலகம் எழுதிக் கொடுத்தாயிற்று, எதை வைத்து, இவன் செருகின மூன்று வாஷரை வைத்து. நாளைக் காலை எட்டு மணிக்குப் பாத்திரம் பண்டத்தோடு வீட்டுக்குப் போகிறார்கள். இவன் வரும்போதே பார்த்தான், ஒரு கிழவி தகர டிரங்குப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சொல்லவேண்டாம், சும்மா இருந்தால் போதும் என்றது மனசு, இன்றைக்கு வாஷர் போடாதே, போட்டதையெல்லாம் உருவிவிடு, தகரம் நிஜமான இடத்தில் உட்காரட்டும், மேலே போகிறது பார்த்துக்கொள்ளட்டும், அதுதானே அதன் வேலை, நீ வாயே திறக்கவேண்டாம். கை ஏற்கெனவே ஸ்பேனரைத் திருப்பிக்கொண்டிருந்தது. முதல் நட்டு எளிதாக வந்தது, இரண்டாவது முனகியது, முன்கால் நட்டுக்கு முழு உடம்பையும் கொடுக்கவேண்டியிருந்தது. தகரத்தைத் தூக்கிப் புல்லில் சாய்த்தான். வாஷர்களை ஒவ்வொன்றாக உருவி மடியில் போட்டான், அடியிலிருந்த நாலைந்து துருவில் ஒட்டிக்கொண்டு கத்தியால் நெம்பினால்தான் வந்தன. தகரத்தை வெறும் மேடையில் உட்கார வைத்து நட்டைப் போட்டபோது அது கோணலாக, வெட்கமில்லாமல் சரிவுப் பக்கம் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. இவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். நிமிர்த்தாதே. ஆறு மணி ஒரு நிமிஷம். மனசு லேசான மாதிரி இருந்தது, சரியாகப் பத்து மூச்சுக்கு. அப்புறம் மாடு ஞாபகம் வந்தது. போன வருஷம் கார்த்திகையில் ஒரு காட்டுமாடு வந்து தகரத்தில் முதுகை உரசிவிட்டுப் போயிற்று. மேடம் அனுப்பின படத்தில் பாயிண்ட் ஒரேயடியாக மூன்று சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. இவன் பதறிப்போய் ஃபோன் பண்ணினான். மேடம் சிரித்தார், “ஒரே பாஸ்ல இவ்வளவு குதிச்சா அது நிலம் இல்லை நஞ்சுண்டன், மாடு. அந்த நாள் டேட்டாவைத் தூக்கிடலாம்.” தூக்கினார். இன்றைக்கு நாலரை சென்டிமீட்டர் குதிக்கும். பதினேழு மாதமாக இறங்கினது ஒரே சாயங்காலத்தில் இறங்கும். தூக்கிவிடுவார். அது நிலம் இல்லை, மாடு. சரிதானே, தப்பென்ன. பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை பஸ் ஏறி வந்து தகரத்தில் முதுகை உரசிவிட்டு, டீயும் முறுக்கும் தின்றுவிட்டுப் போன மாடுதான். அப்படியே தூக்காவிட்டாலும் படம் அவர் மேஜைக்கு வர இரண்டு நாள் ஆகும். நாளைக்குக் காலையில் இவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். தகரம் சொல்லாது. எவ்வளவு சுற்றினாலும் வாய் இவன் ஒருவனுக்குத்தான் இருக்கிறது.

பாறைமேல் ஏறினால் ஃபோனில் ஒரு கோடு சிக்னல் வரும். ஏறினான். ஆறு ஏழு. மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டான், எடுத்துவிட்டார்.

“சொல்லுங்க நஞ்சுண்டன், லெவல் பண்ணியாச்சா?”

“இல்லீங்க மேடம். வாஷரையெல்லாம் உருவிட்டனுங்க.”

“என்ன வாஷர்?”

சொன்னான். நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது, நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

“எத்தனை?” என்றார் மேடம்.

“முன்கால்ல இருவத்திமூணுங்க.”

“ஒண்ணு எவ்வளவு கனம்?”

“ரெண்டு மில்லிமீட்டருங்க.”

“நாலு புள்ளி ஆறு சென்டிமீட்டர்,” என்றார். பாவம், அந்தப் பாயிண்டை வைத்துத்தான் அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். “யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“இல்லீங்க.”

“சொல்லாதீங்க. திங்கட்கிழமை டைரக்டர்கிட்ட நானே பேசறேன். அதுவரைக்கும் நீங்க யார்கிட்டயும் வாயைத் திறக்க வேண்டாம். இன்னும் மூணு நிமிஷம் இருக்கு, வாஷரைத் திரும்பப் போட்டுட முடியுமா?”

“மேடம், நாளைக்குக் காலையில அஞ்சாம் நம்பர் லைனுக்குப் போறாங்க மேடம். இருவத்திரண்டு குடும்பமுங்க.”

“நான் பேசறேன்னு சொல்றேன் இல்ல?”

ஃபோன் அணைந்தது, சிக்னல் போயிற்றா அவர் வைத்துவிட்டாரா தெரியவில்லை. ஆறு பதினொன்று. வானத்தில் ஒன்றுமில்லை, பனியும் ஒரு மைனாவும் தவிர. கடந்துபோயிருக்கும். இவன் பாறையிலிருந்து இறங்கத் திரும்பியபோது கீழே, தகரத்துக்குப் பக்கத்தில், தலையில் விறகுக்கட்டோடு சுடலைமுத்து நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. தம்பி குடும்பத்தோடு அவனும் நாளைக்கு ஐந்தாம் நம்பர் லைனுக்குப் போகிறவன்தான், புது அடுப்புக்கு விறகு பொறுக்க வந்திருக்கிறான்.

“என்ன சார், தகரம் கோணிக்கிட்டு நிக்குது?” என்றான்.

கோணலாக நிற்கிறது, கை பரபரத்தது, அப்போதும் பரபரத்தது. மேடம் பேசுவார். திங்கட்கிழமை பேசுவார். வாயைத் திறக்கவேண்டாம். வீட்டில் டிவிக்கு மேலே லேமினேட் பளபளக்கிறது. நஞ்சுண்டன் மடியை அவிழ்த்து முன்காலின் இருபத்துமூன்று வாஷரையும் ஒரு பழைய கம்பியில் கோத்து முறுக்கி, அவனிடம் நீட்டினான்.

“மலை இவ்வளவு எறங்கியிருக்குதுங்க சுடலை. எறங்க எறங்க நான் இதைக் கீழ குடுத்துத் தகரத்தைத் தூக்கி வெச்சுட்டேன். மேடை அமுங்குதுன்னு நெனச்சேன். அதனாலதான் அசையலை அசையலைன்னு சொன்னாங்க. இன்னும் எறங்குது. நாளைக்கு யாரும் போகாதீங்க. எல்லார்கிட்டயும் சொல்லுங்க. நான் சொன்னேன்னே சொல்லுங்க.”

சுடலைமுத்து விறகை இறக்கி வைத்தான். கம்பியை வாங்கி, வாஷர்களை ஒன்றாகச் சேர்த்து நெருக்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, அந்த இடைவெளியைப் பார்த்தான். மூன்று விரல்கடை கூட இல்லை. அடிப்பான், அடிக்கட்டும் என்று நஞ்சுண்டன் கண்ணை மூடிக்கொண்டான். அடி விழவில்லை.

“அப்ப அந்தக் கதவு?”

“ஆமாங்க,” என்றான் நஞ்சுண்டன். “அதுவும் இதுதானுங்க.”

சுடலைமுத்து கீழே செம்மண்ணைப் பார்த்தான். பனி அங்கேயும் வந்துவிட்டிருந்தது.

“நீங்க இழைச்சுக் குடுத்தப்புறம் நல்லாத்தான் சார் சாத்துச்சு,” என்றான். “அன்னிக்கும் நான் ஷிப்டுக்குக் கெளம்புறப்ப, உள்ளேருந்து தாப்பாப் போட்டுக்கிட்டுத்தான் படுத்தா.”